பச்சை மையில் 3959057

தாம்பரத்தில் எட்டு பத்துக்குக் கிளம்பும் செங்கல்பட்டு லோக்கலில், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் ஏறுகிற கோஷ்டி எங்களுடையது. இந்தக் கோஷ்டியில் சேர ஒரு சடங்கு உண்டு. சீசன் டிக்கெட்டோடு வைத்திருக்கும் அடையாள அட்டையைத் தபீதாள் மேடத்திடம் நீட்ட வேண்டும். அதிலிருக்கும் ஏழு இலக்க எண்ணை அவர் ஒரு நிமிஷம் பார்ப்பார். பெயர் என்ன, எங்கே வேலை என்பதெல்லாம் அப்புறம்தான்.

மறைமலை நகரில் ஒரு பேங்க்கில் வேலை பார்க்கும் கிட்டுவின் எண் 2718036. "கூட்டினா இருபத்தேழு வருது. ஒன்பதால போகும்," என்றார் மேடம். கிட்டு அதையே ஜாதகம் மாதிரி எடுத்துக்கொண்டு, ஒன்பது நல்லதா கெட்டதா என்று ஒரு வாரம் விசாரித்துக்கொண்டிருந்தான். என்னுடையது 4183729. ஒன்று விட்டு ஒன்று கூட்டினார், விட்டதையும் கூட்டினார், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். "இருபத்திரெண்டு. உங்களது பதினொண்ணால போகும், ஷ்யாம் சார்." எனக்கு என்னவோ பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தர ஆய்வாளர். அடுத்தவன் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். வீட்டிலும் அதே புத்திதான் என்று என் மனைவி சொல்வாள். ஆனால் தபீதாள் மேடத்திடம் எட்டு வருஷத்தில் என்னால் ஒரு தப்புக்கூடக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை, கொஞ்சம் எரிச்சலும்.

அவருக்கு வேலை காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில். பேராசிரியர்கள் விடைத்தாள் திருத்தி, கேள்விவாரியாக மார்க் போட்டு, முகப்பில் கூட்டுத்தொகை எழுதி அனுப்புவார்கள். அந்தக் கூட்டல் சரியா என்று பார்ப்பது மேடத்தின் வேலை. சரியாக இருந்தால் பச்சை மையில் ஒரு சின்னக் கையெழுத்து. தப்பாக இருந்தால் பச்சை மையில் அடித்து, சரியான தொகையை எழுதி, பக்கத்தில் கையெழுத்து. தாளில் மாணவர் பெயர் இருக்காது, பதிவெண்ணும் இருக்காது. டம்மி நம்பர் என்று ஒன்று போட்டிருக்கும், அவ்வளவுதான். பச்சை மை பட்ட தாளை அதற்கப்புறம் யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். கணக்குப் போடத் தெரிந்த பேராசிரியர்களே, "தபீதாள் அம்மா பாத்தாச்சா? அப்போ முடிஞ்சுது," என்பார்களாம்.

எண்பத்து நாலில் பிளஸ் டூ முடித்தபோது அவருக்கு பி.எஸ்ஸி. கணக்கு படிக்க ஆசை. வீட்டில் டைப்ரைட்டிங் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இதை ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் வண்டலூரில் சிக்னலுக்காக வண்டி அரை மணி நேரம் நின்ற ஒரு நாளில். படிப்பு நின்றுபோன பிறகு பழைய புத்தகக் கடையில் எண்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை வாங்கி, அட்டை போட்டு, பைபிள் மாதிரி பையிலேயே வைத்திருக்கிறார். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. கணவர் தனசிங் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் எப்சிக்கு குரோம்பேட்டையில் வேலை.

போன வருஷம் ஜனவரியில் மேடத்தின் பழைய அட்டை கிழிந்து புது அட்டை வாங்கினார். அதில் எண் 3959057. சடங்குப்படி அதையும் பார்க்க வேண்டுமே. பார்த்தார். வழக்கமாக ஒரு நிமிஷத்தில் ஏதாவது சொல்லிவிடுபவர், பெருங்களத்தூர் தாண்டியும் வாயைத் திறக்கவில்லை.

"சட்டுனு எதாலயும் போகாது போலிருக்கு," என்றார் கடைசியில். "பிரைமா இருக்கலாம்."

தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்தான் பகா எண், அதாவது பிரைம். ஏழும் பதின்மூன்றும் பகா எண்கள் என்று எல்லாருக்கும் தெரியும். முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம் பகா எண்ணா என்று எவனுக்குத் தெரியும்? கிட்டு உடனே மொபைலை எடுத்தான்.

"கிட்டு, அதை உள்ள வை," என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. "யாராவது போன்ல பாத்துச் சொன்னீங்கன்னா, நாளையிலேர்ந்து நான் லேடீஸ் பெட்டிக்குப் போயிடுவேன்."

கிட்டு உள்ளே வைத்தான். நாங்கள் எல்லாரும் சத்தியம் செய்தோம். பொத்தேரி மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் வினிதா மட்டும், "அக்கா, போன்ல ஒரு செகண்ட் வேலை. நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள்.

மேடம் கணக்குச் சொன்னார். 1990-ஐ 1990-ஆல் பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இதை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுத முடியுமென்றால், அதில் ஒன்று 1990-க்குள் இருந்தே தீர வேண்டும். 1990-க்குள் இருக்கும் பகா எண்கள் சரியாக முந்நூறு. அந்த முந்நூறாலும் வகுத்துப் பார்த்து எதிலும் மீதி பூஜ்யம் வராவிட்டால், 3959057 பகா எண். தினம் ஒன்று. காலை வண்டியில் மட்டும். கையால்.

முதல் நாள் இரண்டு. ஒரு நோட்டில் தேதி போட்டு, பச்சை மையில் "÷ 2, மீதி 1" என்று எழுதி மூடி வைத்துவிட்டார். அன்றைய வேலை முடிந்தது! கிட்டு சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக்காரர் முறைத்தார். இரண்டாம் நாள் மூன்று. இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தெட்டு, மூன்றால் போகாது. மூன்றாம் நாள் ஐந்து. ஒரு பெரிய மனுஷி இப்படியும் காலத்தைப் போக்குவாரா என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் மார்ச் மாதம் வந்து, மூன்று இலக்க எண்களால் நீள வகுத்தல் ஆரம்பித்ததும், பெட்டியே அதில் இறங்கிவிட்டது. "இன்னிக்கு என்ன மேடம்?" "இருநூத்தி முப்பத்தொம்பது." "போச்சா?" "போகல." அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வரும். எங்களுக்கெல்லாம் அது பகா எண்ணாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கிரிக்கெட்டில் ஒருத்தன் அவுட்டாகாமல் நின்றுகொண்டிருந்தால் வரும் ஆசைதான் அதுவும்.

அப்படி ஒரு வருஷமும் சில வாரங்களும் ஓடி, இந்தப் பிப்ரவரி நடுவில் முந்நூறாவது எண் வந்தது. 1987. ஊரப்பாக்கத்தில் ஆரம்பித்துக் கூடுவாஞ்சேரியில் முடித்தார். மீதி இருந்தது. போகவில்லை. நோட்டின் அடியில் பச்சை மையில் "3959057 பகா எண்" என்று எழுதினார். வினிதா கைதட்டினாள். கிட்டு மறக்காமல் வாங்கி வந்திருந்த மைசூர்பாக்கை நின்றுகொண்டிருந்தவர்களுக்கும் கொடுத்தான். மேடத்துக்கு மாதக் கடைசியில் ஓய்வு. பிப்ரவரி இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. கடைசி நாள் மாலை வண்டியில் எல்லாரும் சேர்ந்து ஒரு ஷீல்டு கொடுப்பதென்றும், அதில் அந்த எண்ணைப் பொறிப்பதென்றும் அங்கேயே முடிவானது.

வினை என்னால் வந்தது.

வகுத்தல் முடிந்த மறுநாள் மேடத்துக்கு வண்டியில் கை சும்மா இருக்கவில்லை. அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்று பார்த்தார். ஆறாவது முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. 1984-இன் வர்க்கத்தோடு 151-இன் வர்க்கத்தைக் கூட்டினால் 3959057. 1984 என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பிளஸ் டூ முடித்த வருஷமல்லவா.

"இந்த மாதிரி எண் பிரைமா இருந்தா, இப்படி எழுத ஒரே ஒரு ஜோடிதான் இருக்கும் சார். ரெண்டாவது ஜோடி கிடைக்கவே கிடைக்காது," என்றார்.

இதையும் ஷீல்டில் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. "1984, 151, இது ஒன்றே ஜோடி" என்று ஒரு வரி. ஆனால் சரிபார்க்காத ஒன்றை என் கையால் பொறிக்கக் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். (சத்தியம் போனுக்குத்தான், கால்குலேட்டருக்கு இல்லை.) 1983-ஐ வர்க்கமாக்கிக் கழித்தேன். மிச்சம் வர்க்கமில்லை. 1982, இல்லை. 1981, இல்லை. இப்படிக் கீழே கீழே போய், இருபதாவதாக 1964. மிச்சம் 101761. வர்க்கமூலப் பொத்தானை அழுத்தினேன். 319 என்று மொட்டையாக வந்து நின்றது. தசமப் புள்ளி இல்லை.

மறுபடி போட்டேன். 319 தான். இரண்டாவது ஜோடி.

இரண்டாவது ஜோடி இருந்தால் அது பகா எண் இல்லை. பகா எண் இல்லையென்றால் முந்நூறு எண்களில் ஏதோ ஒன்று அதை மீதியில்லாமல் வகுக்கிறது. மேடம் முந்நூறையும் போட்டுப் பார்த்து எல்லாவற்றிலும் மீதி எழுதியிருக்கிறார். ஆக முந்நூறில் ஏதோ ஒரு வகுத்தல் தப்பு. எது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், லாட்டில், அதாவது மொத்தத் தொகுப்பில், பழுது இருக்கிறது, எந்தப் பீஸில் என்று தெரியாது. எட்டு வருஷமாக நான் தேடிய தப்பு கிடைத்துவிட்டது, எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை.

கிட்டுவிடம் மட்டும் சொன்னேன்.

"யோவ் ஷ்யாமு, உன் வேலையைக் கம்பெனியோட வெச்சுக்க," என்றான். "அந்தம்மா இன்னும் அஞ்சு நாள்ல வீட்டுக்குப் போறாங்க. ஷீல்டை எவன்யா வகுத்துப் பாக்கப் போறான்?"

"அவங்க பாப்பாங்க."

"ஏன் பாக்கணும்? அதான் பாத்து முடிச்சாச்சே. நீ சும்மா இருந்தா அது பிரைம்தான்."

சனி ஞாயிறு இரண்டு நாளும் யோசித்தேன். கிட்டு சொன்னது நல்ல மனசில் சொன்னது. ஆனால் தப்பென்று தெரிந்த ஒன்றை ஒரு பெண்மணியின் வீட்டு ஷோகேஸில் வைத்துவிட்டு, அவர் அதைத் துடைக்கும் போதெல்லாம் நான் உள்ளுக்குள் அறிந்துகொண்டிருப்பது அவருக்குச் செய்யும் மரியாதையா? அது இரக்கம். இரக்கப்படும் அளவுக்கு அவர் சின்னவர் இல்லை.

திங்கட்கிழமை, வண்டி பெருங்களத்தூர் தாண்டியதும், அந்தக் காகிதத்தை அவரிடம் கொடுத்தேன். 1964, 319. கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, காகிதத்தின் ஓரத்தில் தானே இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டிப் பார்த்தார். வண்டலூர் வந்தது, போனது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அழுதுவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தேன். இரண்டும் இல்லை.

"ரெண்டு ஜோடி கிடைச்சா காரணியே கிடைச்சிடும் சார்," என்றார். "1984-லேர்ந்து 1964 போனா இருபது. 319-லேர்ந்து 151 போனா நூத்தி அறுபத்தெட்டு. ரெண்டையும் நாலால வகுத்தா அஞ்சு, நாப்பத்திரெண்டு. அஞ்சோட வர்க்கம் இருபத்தஞ்சு, நாப்பத்திரெண்டோட வர்க்கம் ஆயிரத்தெழுநூத்தி அறுபத்துநாலு. கூட்டுங்க."

கூட்டினேன். 1789.

அவர் நோட்டைப் பிரித்தார். இருநூற்று எழுபத்தெட்டாவது பக்கம். "÷ 1789, மீதி 1000." அங்கேயே, எங்கள் எதிரில், மறுபடி வகுத்தார். இரண்டாவது கழித்தலில் பேனா நின்றது. 3810-இலிருந்து 3578 போனால் 232. பழைய பக்கத்தில் 242 என்று இருந்தது. பத்து கடன் வாங்கியதை மறந்திருக்கிறார். அந்த ஒரு பத்து கடைசியில் ஆயிரமாக வந்து நின்றிருக்கிறது. இப்போது சரியாகப் போட்டபோது ஈவு 2213, மீதி பூஜ்யம்.

"யானைக்கும் அடி சறுக்கும்கா," என்றாள் வினிதா.

மேடம் அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்தின் மேலே இருந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரி 21, செவ்வாய். பக்கத்தோடு பக்கமாக ஒரு ஆஸ்பத்திரியின் பார்வையாளர் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நாள் எனக்கும் நினைவிருந்தது. அதற்கு முந்தின ராத்திரி தனசிங் சாருக்கு நெஞ்சு வலி. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, காலையில் எப்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மேடம் வழக்கம்போல் எட்டு பத்துக்கு வந்து ஏறியிருந்தார். லீவு போடக் கூடாதா என்று நான் சத்தமே போட்டேன். ரிசல்ட் வர வேண்டிய வாரம், நான் போகாவிட்டால் வேலை நிற்கும் என்றார். தனசிங் சாருக்கு ஸ்டென்ட் வைத்து, இப்போது நன்றாக இருக்கிறார், காலையில் நடக்கக்கூடப் போகிறார். அன்றைக்கு யார் இருந்தாலும் கணக்கு தப்பியிருக்கும். அதைத்தான் சொன்னேன்.

"ஒரு எண்ணு தப்பிடுச்சு. அவ்வளவுதானே மேடம். உலகம் முழுகிடல."

"எண்ணு போகட்டும் சார்," என்றார் அவர். "அன்னிக்கு இதே தலையோடதான் ஆபீஸ் போனேன். சாயங்காலம் வரைக்கும் கூட்டல் பாத்தேன். மூணு கட்டு. நூத்திருபது பேப்பர்."

காட்டாங்குளத்தூர் வந்துவிட்டது. அவர் இறங்கிப் போனார். பையை மாட்டிக்கொள்ளக்கூட இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் கொடுத்த காகிதம் எங்கே போய் நிற்கும் என்று.

மறுநாள் வண்டியில் அவர் சொன்னது இது. அந்த மூன்று கட்டுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கண்காணிப்பாளர் ஸ்ரீநிவாசராகவனிடம் கேட்டிருக்கிறார். மனுஷர் ஆடிப்போய்விட்டார். ரிசல்ட் வந்தாயிற்று, மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கும் கெடு முடிந்தாயிற்று, கட்டுகள் அரக்கு முத்திரையோடு உள்ளே போயாயிற்று. பிரிக்க வேண்டுமென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டாளரின் உத்தரவு வேண்டும். உத்தரவு வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால், முப்பத்தொரு வருஷம் கறை படாத பணிப் பதிவேட்டில் ஓய்வுக்கு மூன்று நாள் முன்னால் ஒரு கடிதம் ஏறும்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறீங்களே மேடம்," என்றாராம் ஸ்ரீநிவாசராகவன். "ரயில்ல ஏதோ கணக்கு தப்பா போட்டேன்னு ஆபீஸ்ல லெட்டர் குடுப்பாங்களா யாராவது? ஒண்ணும் இருக்காது. விடுங்க."

"ஒண்ணும் இல்லன்னா எனக்கு நிம்மதி சார். இருந்துட்டா?"

கடிதம் இரண்டே வரி. "ஜனவரி 21 அன்று நான் சரிபார்த்த விடைத்தாள்களில் பிழை செய்திருக்கலாம் எனக் கருதுகிறேன். அவற்றை மீண்டும் பார்க்க அனுமதிக்கவும்." பச்சை மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்களிடம் இதைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டை எடுக்கவில்லை, கைகளை மடியில் கோத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. எவன் கேட்டான் என்னை இரண்டாவது ஜோடி தேடச் சொல்லி?

புதன்கிழமை உத்தரவு வந்தது. ஸ்ரீநிவாசராகவன் எதிரில் உட்கார்ந்திருக்க, மேடம் கட்டுகளைப் பிரித்தார். முதல் கட்டில் நாற்பது தாள், எல்லாம் சரி. இரண்டாவது கட்டிலும் சரி. மூன்றாவது கட்டில் பாதியைத் தாண்டியபோது, நிஜமாகவே ஒன்றும் இருக்காது என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்ததாம். அப்போது ஒரு தாள் வந்தது. பொறியியல் கணிதம், அரியர் பேப்பர். பேராசிரியர் கூட்டி 54 என்று எழுதியிருந்தார். அது பச்சை மையில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் 44 என்று இருந்தது. கீழே தபீதாள் மேடத்தின் கையெழுத்து.

அவர் கூட்டினார். 54. ஸ்ரீநிவாசராகவன் கூட்டினார். 54.

பாஸ் மார்க் ஐம்பது.

வியாழக்கிழமை காலை இதைச் சொல்லும்போதுதான் அவர் கண் கலங்கியது. "அந்த வாத்தியார் சரியாத்தான் போட்டிருந்தார் சார். நான்தான் கெடுத்தேன். பச்சை மைன்னா யாரும் மறுபடி பாக்க மாட்டாங்க. அந்தப் பிள்ளையும் பாத்திருக்காது. ஃபெயில்னு போட்டா ஃபெயில்னு நம்பியிருக்கும். கணக்கு எனக்கு வராதுன்னு நெனச்சிருக்கும்."

வினிதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பொத்தேரி வந்ததும் இறங்க வேண்டியவள், இறங்காமல் காட்டாங்குளத்தூர் வரை கூடவே வந்து, அங்கிருந்து திரும்பிப் போனாள்.

அன்று மாலை நானும் கிட்டுவும் மேற்குத் தாம்பரத்தில் ஷீல்டு கடைக்குப் போனோம். "3959057 பகா எண்" என்று பொறித்துத் தயாராக வைத்திருந்தார் கடைக்காரர். மாற்ற வேண்டும் என்றதும் அவர் முகம் சுருங்கியது. கிட்டு வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் என்னைத்தான் திட்டுவான். அன்று திட்டவில்லை. என்ன எழுதுவது என்று நான் யோசிக்கும் முன்னால், அவனே காகிதத்தில் எழுதிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை மாலை வண்டியில் மேடம் காட்டாங்குளத்தூரில் ஏறும்போது கையில் ஒரு பெரிய பை, தோளில் சால்வை. பிரிவுபசாரம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டேன்.

"நடந்துது. கண்ட்ரோலர் மைக்ல, முப்பத்தொரு வருஷத்துல ஒரு தப்புகூட இல்லாதவங்கன்னு ஆரம்பிச்சார். நான் எழுந்து நின்னேன். ஒண்ணு இருக்கு சார்னு சொன்னேன்."

"மைக்லயா?"

"அவருக்கும் தெரியும்ல சார். மரியாதைக்குச் சொல்றார். எனக்குத்தான் அதைக் கேட்டுக்கிட்டு உக்கார முடியல." அந்த மாணவருக்குத் திருத்திய மதிப்பெண் பட்டியல் காலையிலேயே போய்விட்டதாம். டம்மி நம்பரை வைத்துப் பதிவெண்ணை எடுத்து அனுப்பும் வேலையை மேடமே செய்திருக்கிறார். பெயரைக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் போய் மன்னிப்புக் கேட்கத் தோன்றும், அது அந்தப் பிள்ளைக்குச் சங்கடம் என்றார்.

கிட்டு ஷீல்டை எடுத்து நீட்டினான். "3959057 = 1789 × 2213" என்று இருந்தது. அதற்குக் கீழே, அவன் தானாகச் சேர்த்திருந்த வரி: "மீதி 0."

மேடம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விரலால் அந்தப் பூஜ்யத்தைத் தொட்டார். "நல்லா இருக்கு கிட்டு," என்றார். கிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு, மைசூர்பாக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

கூடுவாஞ்சேரி தாண்டியதும் மேடம் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பழையது இல்லை, புதுசு. முதல் பக்கத்தில் அன்றைய தேதி, ஒரு பெரிய எண். பன்னிரண்டு இலக்கம்.

"இது யாரோட நம்பர் மேடம்?"

"அந்தப் பிள்ளையோட ரெஜிஸ்டர் நம்பர். நமக்கு வேற எதுவும் தெரியாதே, நம்பர் தெரியுமே." சிரித்தார். "இது ஆயுசுக்கும் முடியாது சார். முடிஞ்சவரைக்கும் போவோம். சீசன் டிக்கெட் இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, வருவேன். அதுக்கப்புறம் வீட்டுல."

எண்ணுக்குக் கீழே பச்சை மையில், "÷ 2, மீதி 1" என்று எழுதினார். எழுதிவிட்டு நோட்டை மூடவில்லை. என் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டினார்.

"நீங்க ஒரு தடவை பாத்துடுங்க."

எட்டு வருஷத்தில் அவர் தன் கணக்கை யாரையும் பார்க்கச் சொன்னதில்லை. அதுவும் இரண்டால் வகுக்கும் கணக்கு. பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? ஆனால் அவர் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். கடைசி இலக்கத்தைப் பார்த்தேன். மூன்று. ஒற்றைப்படை. ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தேன்.

"சரியா இருக்கு மேடம்," என்று சொல்லி, அவர் எழுதியதற்குக் கீழே, பச்சை மையிலேயே, என் கையெழுத்தையும் போட்டேன்.